பன்னெண்டு அண்ணாச்சியும் நிற்காத படமும்

தூத்துக்குடியில் மனுசன் விழுவதைப் பன்னெண்டு அண்ணாச்சி அளவுக்குப் பார்த்தவர் கிடையாது. எலும்பு டாக்டர்கூடக் கிடையாது. டாக்டர் விழுந்தவனைத்தான் பார்ப்பார். இவர் விழ வைத்துப் பார்ப்பார்.

பேர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. உடன்குடிப் பக்கம் கருப்பட்டிக் கடைக் குடும்பம். கடையில் உட்காராமல் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் கம்பெனி துறைமுகத்துக்கு ஆள் அனுப்பும் கம்பெனி. கப்பலில் ஏறும் முன்னால் ஒவ்வொருத்தனும் பயிற்சி அறையில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். எங்கே நிற்கக் கூடாது, எதைத் தொடக் கூடாது, எதனால் சாவான் என்று பொம்மைகள் நடித்துக் காட்டும். அந்தப் பொம்மைகளை வரைந்தவர் அவர். ஒரு செகண்டுக்குப் பன்னிரண்டு படம் வரைந்தால் பொம்மை நடக்கும். அதனால் பன்னெண்டு.

நான் அந்த அறையைத் திறந்து பூட்டுகிறவன். கம்ப்யூட்டரைப் போடுவேன். முக்கோணப் பொத்தானை அழுத்துவேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. முக்கோணத்துக்கு அது போதும்.

அவருக்கு நிமிசம், மணி எல்லாம் கிடையாது. எல்லாம் படம்தான். டீக்கடையில் சண்டை போடுவார்.

"கிளாஸ எடுத்து இங்கன வைக்க நாப்பத்தெட்டுப் படம் ஆக்கிட்டியே. டீ ஆறிப்போச்சு."

"படம் பாக்கணும்னா தியேட்டருக்குப் போங்க அண்ணாச்சி. இங்கன டீ மட்டுந்தான்."

ஆபீசில் அவர் விழச் சொல்லாத ஆள் இல்லை. கரண்டு வேலைக்கு வந்தவன், தபால்காரர், கூரியர்காரன் எல்லாரையும் "ஒரு தடவை விழுந்துட்டுப் போங்க" என்பார். ஒரு மழை நாளில் மேனேஜர் மாடிப்படியில் நிஜமாகவே வழுக்கினார். ஆற்றங்கரை ஊர்க்காரர். நெல்லுச் சோறு தின்று வளர்ந்த உடம்பு. ஆறு படி உருண்டார். நாங்கள் தூக்க ஓடினோம்.

"தொடாதீங்க! சார், அப்படியே கெடங்க!" என்று கத்திக்கொண்டு பன்னெண்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

"இடுப்பு போச்சுவே!"

"போகட்டும் சார். மொதல்ல தரையில பட்டது வலது கையா, இடது கையா?"

மேனேஜர் படுத்தபடியே யோசித்து வலது கை என்றார். அடுத்த மாதம் படிக்கட்டுப் படம் வந்தது. விழும் பொம்மைக்குத் தொந்தி இருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு மீசையை எடுக்கச் சொன்னார். மீசையை எடுத்தார். தொந்தியை எடுக்கவில்லை. எடுத்தால் விழும் விதம் மாறிவிடும் என்றார்.

ஹேட்ச் படத்துக்கு மட்டும் அவர் யாரையும் விழச் சொல்லவில்லை.

ஹேட்ச் என்றால் கப்பலில் சரக்கு கிடக்கும் குழி. வெட்டின மரத்தடிகளை ஏற்றி வரும் கப்பலில் பல நாள் மூடிக் கிடந்த குழிக்குள் காற்று செத்துப்போயிருக்கும். மரம் அதைத் தின்றுவிடும். நாற்றம் இருக்காது, புகை இருக்காது. இறங்கியவன் விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். படம் இதுதான். இரண்டு பொம்மை.

இரண்டாவது பொம்மை என் தம்பி சூசை.

நாங்கள் புன்னைக்காயல். சங்கு குளிக்கப் போவோம். அவன் முங்குவான். நான் வள்ளத்தில் கயிறு பிடிப்பேன். அவன் உள்ளே இருக்கும்போது நான் எண்ணுவேன். கயிறு பிடிக்கிறவனுக்கு வேறு வேலை இல்லை. காற்றடிக்கும் மாதங்களில் கடலுக்குப் போக முடியாது. அப்போது துறைமுகத்துக்கு வருவோம். அப்படி வந்த ஒரு நாள் எங்களோடு நின்ற ஒரு ஆள் ஹேட்சில் இறங்கினார். சரிந்தார். சூசை எட்டிப் பார்த்தான்.

"நான் மூச்சப் பிடிச்சிக்கிட்டுப் போயி தூக்கிட்டு வாரேன்" என்றான்.

தண்ணீருக்குள் இரண்டு நிமிசம் இருப்பவன். நான், "சரிலே, போ" என்றேன்.

இரண்டு பேரையும் அப்புறம்தான் எடுத்தார்கள். அதன் பிறகு நான் கப்பலில் ஏறவில்லை. கம்பெனி இந்த அறைச் சாவியைக் கொடுத்தது.

பன்னெண்டு படம் போட ஆரம்பித்தபோது என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மிக்கேலு, ஒன் தம்பி எப்படி நடப்பான்?"

சூசைக்கு இடது காலில் திருக்கை மீன் கொட்டியிருந்தது. அந்தக் காலைக் கொஞ்சம் இழுப்பான். நடந்து காட்டினேன். பதினொரு தடவை நடக்க விட்டார். மறு வாரம் இரண்டாவது பொம்மை இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தது.

"சரியா இருக்கா?"

"சரி."

அவ்வளவுதான் பேசினோம்.

சில வருசம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலையில் முக்கோணத்தை அழுத்தினேன். படம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம்தான் வந்தது. ஆபீஸ் வேலை பார்க்கும் மேரியைக் கூப்பிட்டேன். அவள் வாசித்தாள்.

"பிளக்இன் இனிமே கிடையாதுன்னு போட்டிருக்கு அண்ணே."

நான் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். மேரி சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. பன்னெண்டு வந்து சிரித்தார். சிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் செத்துப்போய் இருந்தது.

"இத்தனை நாளும் பிளாஷ்னு ஒருத்தன் வீட்டுல வாடகைக்கு இருந்தோம் மிக்கேலு. நம்ம படமெல்லாம் அந்த வீட்டுக்குள்ள கெடக்கு. இப்ப வீட்டுக்காரன் கதவ அடைச்சிட்டான். பிரவுசர்காரனுவளும் வாசல எடுத்துட்டானுவ."

"எதுக்கு?"

"அந்த வழியா திருடன் வாரானாம்."

"வாரானா?"

"வாரான்" என்றார். அதுதான் அவருக்கு வருத்தம். சண்டை போட முடியவில்லை.

மேனேஜர் எளிதாக முடித்தார். "எல்லாத்தையும் தாள்ல எழுதிச் செவத்துல ஒட்டிரலாம்வே."

ஒட்டினார்கள். நான் எழுத்துக் கூட்டி ஒரு தாளைப் படித்து முடிப்பதற்குள் டீயில் ஆடை விழுந்துவிடும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் என்னை மாதிரி. மீதிப் பேரில் பாதி வடக்கே இருந்து வந்தவர்கள். தமிழே தெரியாது. காற்றுக்காலம் வரும். சங்குக்காரர்கள் நாற்பது பேர் வருவார்கள். மரத்தடிக் கப்பலும் வரும். ஹேட்ச் படம் பார்க்காமல் இறங்குவார்கள். பன்னெண்டு வந்து பார்த்தார். தாளைக் கிழித்துப் போட்டார்.

முதலில் ஒரு தந்திரம் செய்தார். கம்ப்யூட்டரில் தேதியைப் போன வருசத்துக்குத் திருப்பி வைத்தார். வீட்டுக்காரன் இன்னும் கதவை அடைக்கவில்லை என்று அது நம்பிக்கொண்டது. படம் ஓடியது. மூன்று நாள் அவர் ராஜா மாதிரி நடந்தார். ஆனால் பயிற்சிச் சான்றிதழும் அதே கம்ப்யூட்டரில்தான் அச்சாகும். ஒரு வருசம் செல்லும் சான்றிதழ். துறைமுக வாசலில் காவல்காரர் ஒவ்வொருத்தனையும் நிறுத்தினார்.

"இது முடிஞ்சு போச்சே. போன வருசமில்லா எடுத்திருக்கீரு."

"நேத்துத்தான் எடுத்தேன் சார்."

"ஒமக்கு நேத்துன்னா போன வருசமா? தள்ளி நில்லும்."

இருபத்துமூன்று பேர் திரும்பி வந்தார்கள். மேனேஜர் கத்தியது பக்கத்து உப்புக் குடோன் வரைக்கும் கேட்டது. தேதி இந்த வருசத்துக்கு வந்தது. சாம்பல் கட்டமும் வந்தது.

அப்புறம் பழைய படத்தைப் புது முறைக்கு மாற்றித் தரும் மிஷின் ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் பிடித்தார். உள்ளே போட்டால் தானே மாற்றிக் கொடுக்கும். கொடுத்தது. தமிழ் எழுத்தெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்தது. ஒருத்தன் நடந்து போனால் தலைக்கவசம் பின்னாலேயே தனியாகப் பறந்து போனது. மேனேஜரின் தொந்தி மட்டும் படிக்கட்டில் உருண்டது. மேனேஜர் இல்லை.

ஹேட்ச் படத்தையும் மாற்றிப் பார்த்தார். அன்றைக்குப் பேர் கொடுக்க ஆறு சங்குக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களை உட்கார வைத்துப் போட்டோம். முதல் ஆள் விழுந்தான். சூசை இறங்கினான். விழுந்தான். பழைய படத்தில் அந்த இடத்தில் 'நில்' என்று ஒரு கட்டளை இருந்தது. அதை மிஷின் தொலைத்துவிட்டது. படம் நிற்காமல் திரும்ப முதலிலிருந்து ஓடியது. கீழே கிடந்த சூசை கண் இமைக்கும் முன்னால் மேலே வெயிலில் நிற்கிறான். மறுபடி இறங்குகிறான். விழுகிறான். மேலே நிற்கிறான்.

ஆறு பேரும் உருண்டு சிரித்தார்கள்.

"ஏலே, செத்தவன் எந்திச்சிட்டாம்ல!"

"நாலு தடவை செத்துட்டான். இன்னும் சம்பளம் குடுக்கலியோ என்னமோ!"

ராயப்பன் என்று ஒருத்தன். நல்ல தேகம், நல்ல மூச்சு. அவன் என்னவோ யோசித்துச் சொன்னான். "விழுதவன் நம்ம தொழில் தெரியாதவன் அண்ணாச்சி. இறங்குன ஒடனே விழுந்துட்டான் பாருங்க. நான்னா மூச்சக் கட்டிக்கிட்டுப் போயித் தூக்கிட்டு வந்துருவேன்."

மற்ற ஐந்து பேரும் ஆமாம் என்றார்கள். பன்னெண்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு நான், "இன்னொரு தடவை போடுங்க அண்ணாச்சி" என்றேன்.

"எதை?"

"அவன் மேல நிக்கிற இடத்தை."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. போட்டார்.

அதற்குப் பிறகுதான் அவர் மிஷினை விட்டார். எல்லாப் படத்தையும் புது முறையில் கையால் முதலிலிருந்து வரையப் போகிறேன் என்றார்.

"இனிமே எவன் வீட்டுலயும் வாடகைக்கு இருக்க மாட்டேன் மிக்கேலு."

"சொந்த வீடா?"

"அதுவும் இல்ல. கடற்கரை. அதுக்குச் சாவி கிடையாது. எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும், போன்லயும் ஓடும். எழுதுனது எல்லாம் எழுத்தாக் கெடக்கும். யாரு வேணும்னாலும் தெறந்து பாக்கலாம், திருத்தலாம்."

"கடற்கரைன்னா நாயும் வருமே."

"வரட்டும். பூட்டிப் போட்டு என்னத்தக் கண்டோம்?"

வரைய உட்கார்ந்தவர் ஹேட்ச் படத்தில் நின்றுவிட்டார். இரண்டு நாள் எதுவும் வரையவில்லை. மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பழைய படத்துல அவன நாலு செகண்டுல விழ வச்சிட்டேன். மேனேஜர் சுருக்கமா வேணும்னாரு. அது தப்பு. ராயப்பன் நம்பமாட்டான். எவனும் நம்பமாட்டான். நெசத்துல சூசை எவ்வளவு நேரம் தாங்கினாம்ல?"

போலீஸ் கேட்டது. கம்பெனி கேட்டது. என் வீட்டுக்காரியும் கேட்டாள். தெரியாது என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவன் ஏணியில் கால் வைத்ததும் நான் எண்ண ஆரம்பித்தேன். பழக்கம். கீழே போனான். அந்த ஆளைத் தூக்கித் தோளில் போட்டான். ஏணிக்கு வந்தான். ஒரு படி, இரண்டு படி, மூன்று படி. மூன்றாம் படியில் வாயைத் திறந்தான்.

"முப்பத்தெட்டு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாய்க்குள் பெருக்கினார். "நானூத்தி அம்பத்தாறு" என்றார். போய் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தார்.

ஒன்றைக்கூட விடவில்லை. ஒரு படத்தைத் திருப்பிப் போட்டு ஏமாற்றலாமாம். செய்யவில்லை. மேனேஜர் வந்து வந்து பார்த்தார்.

"முப்பத்தெட்டு செகண்டாவே? டி.வி. விளம்பரமே பத்து செகண்டுதான். ஆளுவ தூங்கிருவானுவ."

"விளம்பரத்துல யாரும் சாகல சார்."

வரைந்து முடித்து முதல் தடவை ஓட்டினோம். புது முறையில் செகண்டுக்கு அறுபது படமாம். அவர் அதை மறந்துவிட்டார். சூசை எலி மாதிரி ஓடி இறங்கினான். நான் எட்டு எண்ணுவதற்குள் செத்துப்போனான். பன்னெண்டு தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். அடித்தது பன்னிரண்டு தடவை. நான் எண்ணினேன்.

காற்று வந்தது. சங்குக்காரர்கள் நாற்பது பேரும் வந்தார்கள். படத்தைச் சரிசெய்து வைத்திருந்தார். முக்கோணத்தை அழுத்தினேன்.

முதல் ஆள் விழுந்தான். சூசை ஏணியில் கால் வைத்தான். அறையில் ஒரு சத்தம் கேட்டது. நாற்பது பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்த சத்தம். யாரும் சொல்லவில்லை. முங்குகிறவனைப் பார்த்தால் முங்குகிறவன் மூச்சைப் பிடிப்பான். கன்னத்தை உப்பிக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜரும் பிடித்திருந்தார். பத்தில் விட்டுவிட்டார்.

முப்பத்தெட்டில் சூசை வாயைத் திறந்தான். விழுந்தான். படம் நின்றது.

நாற்பது பேரில் ஒருத்தனும் மூச்சை விடவில்லை. ஐம்பது போனது. அறுபது போனது. ராயப்பன் சாவகாசமாக விட்டான்.

"பாத்தீயளா? நான் இன்னும் தாங்குவேன் அண்ணாச்சி" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள்.

பன்னெண்டு எழுந்தார். "உக்காந்துக்கிட்டுத் தாங்குத. எந்திரிலே. வெளிய வா."

எல்லாரும் மாடிப்படிக்குப் போனோம்.

"இப்ப மூச்சக் கட்டு. மேனேஜர் சாரத் தூக்கித் தோள்ல போடு. மேல ஏறு."

"என்னை எதுக்குவே தூக்கணும்?" என்றார் மேனேஜர்.

"அன்னைக்கு விழுந்தவரும் ஒங்க எடைதான் சார். செத்தவன் மாதிரித் தொங்குங்க. பிடிச்சிக்கிடக் கூடாது."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுசன். ராயப்பன் தூக்கினான். நான் எண்ணினேன். தூக்கவே ஒன்பது ஆனது. முதல் படி, இரண்டாம் படி. கழுத்து நரம்பு புடைத்தது. நாலாம் படியில் வாய் தானாகத் திறந்தது. பெரிய சத்தத்தோடு காற்றை இழுத்தான். மேனேஜர் கீழே போனார்.

"சார், அப்படியே கெடங்க!" என்று பன்னெண்டு நோட்டைத் தேடினார்.

"எவ்வளவுண்ணே?" என்று ராயப்பன் என்னைக் கேட்டான்.

"இருவத்தொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் எழுந்து வேட்டியைத் தட்டினார். ராயப்பன் படியில் உட்கார்ந்தான்.

"படத்துல இருந்த ஆளு முப்பத்தெட்டா தாங்கினாம்?"

"ஆமா."

"பெரிய மூச்சுல்லா" என்றான்.

"என் தம்பி" என்றேன்.

அந்தக் காற்றுக்காலத்திலேயே ஒரு நாள் மரத்தடிக் கப்பலில் ஒருத்தர் ஹேட்ச் ஏணியில் இறங்கும்போது மயங்கி உள்ளே சரிந்தார். மேலே நின்றவன் ராயப்பன். அவன் இறங்கவில்லை. இறங்கப் போன இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டான். கத்தினான். காற்று ஊதும் மிஷின் வந்தது. முகமூடி போட்டவர்கள் வந்தார்கள். உள்ளே கிடந்தவரை எடுத்தார்கள். பிழைத்தார். பேச்சு மட்டும் இன்னும் குழறும்.

மேலே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று ராயப்பன் வந்து சொன்னான். எனக்குத் தெரியும் என்றேன். பன்னெண்டு டீ வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்ததை ஆற விட்டுவிட்டார். சண்டை போடவில்லை.

அடுத்த வருசம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நாடி பார்த்து எழுபத்திரண்டு என்றார். "பன்னெண்டுல மிச்சமில்லாம வகுபடுது. எனக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்து வந்துவிட்டார். மாத்திரையை வாங்கவில்லை. அந்த வருசம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நாற்காலியிலிருந்து விழக்கூட இல்லை.

போன மாதம் கம்பெனி தலைக்கவசத்தின் நிறத்தை மாற்றியது. மஞ்சள் போய் வெள்ளை. படத்திலும் மாற்றச் சொன்னார்கள். மேரி ஹேட்ச் படத்தைத் திறந்தாள். அவர் சொன்ன மாதிரியே எல்லாம் எழுத்தாகக் கிடந்தது. பூட்டு இல்லை.

"அண்ணே, இங்கன 'நில்'லுனு ஒரு வரி இருக்கு. இதோட படம் முடியணும்."

"சரி."

"முடியல. இதுக்குக் கீழயும் வரைஞ்சிருக்காரு. நெறைய இருக்கு. இந்த வரி நிறுத்துததுனால நம்ம கண்ணுக்கு வரல." என் முகத்தைப் பார்த்தாள். "வரிய எடுத்துட்டு ஓட்டட்டா?"

தலையை ஆட்டினேன்.

சூசை விழுந்து கிடந்தான். கை அசைந்தது. எழுந்தான். அந்த ஆளைத் திரும்பத் தோளில் போட்டான். ஏணியில் ஏறினான். மூன்றாம் படியைத் தாண்டினான். ஒவ்வொரு படியாக ஏறி வெயிலுக்கு வந்தான். ஆளை இறக்கி வைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். இடது காலை இழுத்துக்கொண்டு திரையின் ஓரத்துக்கு நடந்தான். அங்கே ஒருத்தன் கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தான்.

"அது நீங்கதானண்ணே?" என்றாள் மேரி.

அந்த வரியைத் திரும்பப் போடச் சொன்னேன். வேலைக்கு வருகிறவர்களுக்குப் படம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும்.

மத்தியானம் அறை காலியாக இருந்தால் எப்போதாவது மேரியிடம் கேட்பேன். அவள் வரியை எடுத்துவிட்டு ஓட்டுவாள். அவன் ஏறி வருவதற்கு அண்ணாச்சி எத்தனை படம் வரைந்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் மட்டும் நான் எண்ணுவதில்லை.